மலிவான ஆஷ் பலகை பலமில்லாததா?

மூலக்கடை மரவாடியில் அமெரிக்க ஆஷ் மரத்துக்கு இரண்டு விலை சொன்னார்கள், மலிவான நம்பர் ஒன் காமன் தரம் பலமில்லாததா என்று கேட்டிருக்கிறீர்கள். தரத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை சார். கணு, வெடிப்பு இல்லாத துண்டுகளாக எவ்வளவு அறுத்தெடுக்கலாம் என்பதுதான் கணக்கு. விலை கூடின எஃப்ஏஎஸ் (FAS) தரம் என்றால் பலகை குறைந்தது 6 அங்குல அகலம், 8 அடி நீளம், அதில் சுமார் 83 சதவீதம் சுத்தமாகத் தேற வேண்டும், அதையும் மோசமான பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். காமனில் சுமார் 67 சதவீதம், துண்டுகளும் சின்னதாக இருக்கலாம். உங்கள் கிச்சன் ஷட்டர் சட்டம் இரண்டடிதானே, கணுவை ஒதுக்கி அறுத்தால் காமனே தாராளம். நீளமான டைனிங் டேபிள் என்றால்தான் எஃப்ஏஎஸ் காசு வீண்போகாது. அப்புறம், ஈரம் எவ்வளவு என்பதை இந்தத் தரம் சொல்லாது, மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.