மாடியில் ஒரு வீடு: மேஸ்திரிக்கு முன்னால் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30×40 சைட்டில் 1996இல் கட்டிய தரைத்தள வீடு எங்களுடையது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மொட்டை மாடியில் 300 சதுர அடிக்கு ஒரு சின்ன வீடு எடுத்து வாடகைக்கு விட எண்ணம். “ஷீட் போட்டுக்கலாம், பிளானெல்லாம் வேண்டாம்” என்கிறார் மேஸ்திரி. குறைந்த செலவில் எப்படி முடிப்பது?

பதில்: ஐயா, ‘சின்ன வீடு’ என்றால் நம்மவர்கள் வேறு மாதிரி சிரிப்பார்கள். மாடி வீடு என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்று பார்க்க வேண்டும். உங்களுடையது பில்லர் வீடா, சுவர் தாங்கும் வீடா? தொண்ணூறுகளில் இங்கே நிறைய வீடுகளுக்குச் சைஸ் கல் (செதுக்கிய கருங்கல்) அஸ்திவாரம், அதன் மேல் 9 அங்குலச் செங்கல் சுவர், அவ்வளவுதான். பில்லரே இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் மாடிச் சுவர் கீழ்ச் சுவருக்கு நேர் மேலே உட்கார வேண்டும். நடு ஹாலின் மேல் குறுக்குச் சுவர் எழுப்பினால் தளம் விரிசல் விடும். அல்சூரில் ஒரு வீட்டில் பார்த்தேன். ஹாலில் மின்விசிறிக் கொக்கியிலிருந்து மூலை வரை கோடு போட்டது போல விரிசல்.

எடையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20×15 அடி வீட்டுக்கு வெளிச்சுவர் மட்டும் சுற்றளவு 70 அடி, உயரம் 10 அடி. கதவு, ஜன்னல் போக, 6 அங்குல சாலிட் பிளாக்கில் கட்டினால் சுமார் 18 டன். அதே சுவரை ஏஏசி பிளாக்கில் (உள்ளே காற்றுக் குமிழ் கொண்ட எடை குறைந்த பிளாக்) கட்டினால் ஆறு டன்னுக்குள் முடியும். 5 அங்குல கான்கிரீட் கூரை தனியாக எட்டு, ஒன்பது டன். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் இன்னொரு டன். இந்த எண்களையெல்லாம் மேஸ்திரி சொல்லமாட்டார், சொல்ல வேண்டியதும் அவர் வேலையில்லை. ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிட்டு, ஒரு மூலையில் அஸ்திவாரத்தைத் தோண்டிக் காட்டுங்கள். பில்லர் இருந்தால் கான்கிரீட்டின் பலத்தைக் காட்டும் சுத்தியல் சோதனையும் கம்பி இருப்பைக் காட்டும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஷீட் போட்டால் எடை குறையும், உண்மைதான். ஆனால் ஏப்ரல் வெயிலில் அந்த அறையில் யார் இருப்பார்கள்? மழை அடித்தால் டிவி சத்தம்கூடக் கேட்காது. வாடகைக்கு வருபவர் ஆறே மாதத்தில் காலி செய்வார். அப்புறம், ஷீட் போட்டால் அனுமதி வேண்டாம் என்பது தவறு. சமையலறையும் குளியலறையும் வைத்துக் குடித்தனம் விட்டால் அது வீடுதான்.

செலவு உண்மையில் குறையும் இடம் குழாய். மாடிக் குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே வையுங்கள். கழிவறைக் கோப்பை வாங்கும்போது ‘பி-டிராப்’ என்று கேளுங்கள். அதன் வழி சுவருக்குள் போகும். ‘எஸ்-டிராப்’ தரைக்குள் இறங்கும். அதை வாங்கினால் உங்கள் பழைய தளத்தை உடைக்க வேண்டும், அல்லது குழாயை மறைக்கத் தரையை உயர்த்திச் செங்கல் ஜல்லி கொட்ட வேண்டும். அந்த நிரப்பலும் எடைதான்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். தேசியக் கட்டடக் குறியீடு 2016 கேட்பது குறைந்தது 9.5 சதுர மீட்டர் அறை, 5 சதுர மீட்டர் சமையலறை, கழிவறை சேர்ந்த குளியலறைக்கு 2.8 சதுர மீட்டர். 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர், தாராளமாக அடங்கும்.

இனி காகிதம். கே.ஆர். புரம் பக்கம் பல இடங்கள் 2007இல்தான் மாநகராட்சிக்குள் வந்தன, அதனால் உங்கள் காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) ஏ-வா, பி-யா என்று பாருங்கள். பி என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஏ-காத்தாவாக மாற்ற அரசு 2025இல் வழி திறந்தது. ஏ என்றால், ‘நம்பிகெ நக்ஷெ’ என்ற முறையில் சின்ன மனைகளுக்குப் பதிவு பெற்ற எஞ்சினியர் மூலமே ஆன்லைனில் பிளான் அனுமதி வாங்கலாம். வெளிப்படிக்கட்டையும் பிளானில் காட்டச் சொல்லுங்கள், மறந்துவிடுவார்கள். ஓசி (கட்டி முடித்த கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்று) இல்லாத கட்டடத்துக்கு மின், நீர் இணைப்புக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னபின் இங்கே பலர் திண்டாடினார்கள். அப்புறம் 30×40 வரையிலான சின்ன வீடுகளுக்கு மாநில அரசு ஓசியிலிருந்து விலக்கு தந்தது. அது பிளான் இல்லாமல் கட்ட உரிமம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கலிபோர்னியாவில் வீட்டு மனையிலேயே கூடுதலாகக் கட்டும் சிறு குடியிருப்புக்கு, வரைபடங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் தரும் திட்டத்தை உள்ளாட்சிகள் 2025 ஜனவரி 1க்குள் ஏற்படுத்த வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். இங்கும் 20×30, 30×40 மனைகளுக்கு அப்படி நாலைந்து மாடி வரைபடங்களை மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் வைத்தால் பாதி மேஸ்திரி ஜோசியம் நின்றுவிடும்.

வாடகைக்கு விட்ட பகுதிக்குச் சொத்து வரி விகிதம் கூடுதல்; கட்டி முடித்ததும் கணக்கில் காட்டிவிடுங்கள். மாடிக்குத் தனி மின் மீட்டர் வையுங்கள். தண்ணீருக்குத் தனித் தொட்டியும் அதன் குழாயில் ஒரு சின்ன மீட்டரும் போதும், கீழே உள்ள சம்பு ஒன்றே இருவருக்கும் ஆகும். 2024 கோடையில் டேங்கர் காசை யார் தருவது என்று எத்தனை வீட்டில் சண்டை நடந்தது!