கியர் மாத்த எவ்ளோ நேரம் ஆகுது? கார் கேள்வி பதில்

கேள்வி: என் மச்சான் வாங்கியிருக்கிற டிஎஸ்ஜி கார்ல 8 மில்லிசெகண்ட்ல கியர் மாறுதாம். வீட்டு விசேஷத்துல எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லி என் மேனுவல் காரை கிண்டல் பண்றான். நிஜமாவே அவ்ளோ வேகமா? நான் மாத்தறதுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு வீட்ல இருக்கிறதை வச்சு அளக்க முடியுமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: மச்சான் பொய் சொல்லல சார், ஆனா முழுக்கணக்கையும் சொல்லல. டிஎஸ்ஜிங்கறது ஃபோக்ஸ்வேகனோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அந்தப் பேரைச் சொன்னாலே இந்த 8 மில்லிசெகண்ட் கூடவே வந்துடும், ரொம்ப வருஷமா சுத்திட்டு இருக்கிற நம்பர் அது. அந்த பாக்ஸ் 2003-ல ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32-ல வந்தது, உள்ள ரெண்டு கிளட்ச், ஒண்ணு 1, 3, 5 கியரைப் பாத்துக்கும், இன்னொண்ணு 2, 4, 6-ஐ. நீங்க ரெண்டாவதுல போயிட்டு இருக்கும்போதே மூணாவது கியர் கோத்து ரெடியா நிக்கும், இந்த கிளட்ச் விடணும் அந்த கிளட்ச் பிடிக்கணும், அவ்ளோதான் பாக்கி. அந்த கை மாறற ஒரு கணத்தை மட்டும் எடுத்து 8-ங்கறாங்க. ஹோட்டல்ல ஆர்டர் எடுத்தது, உள்ள போனது, தட்டோட வந்தது எல்லாத்தையும் விட்டுட்டு கரண்டியில இருந்து இலைக்கு சாம்பார் விழற நேரத்தை மட்டும் சொல்லி எங்க சர்வீஸ் ஒரு செகண்ட்னு போர்டு வச்ச மாதிரி. ஸ்டியரிங் பின்னாடி இருக்கிற கியர் மாத்தற பேடில்ல விரல் வச்சதுல இருந்து இன்ஜின் புது ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கற கணக்கு) செட்டாகி முழு இழுவை வர்றவரைக்கும் கணக்கு போட்டா அதை விட பல மடங்கு ஆகும்.

இன்னொண்ணு, அந்த 8-ங்கறது கம்ப்யூட்டர் போட்ட கணக்கு சரியா இருந்தாதான். மூணாவதுல வேகம் ஏறிட்டு இருக்கீங்க, அது அடுத்து நாலாவதுதான் கேப்பாருன்னு நாலை ரெடி பண்ணி வச்சிருக்கு, அந்த நேரம் பாத்து முன்னாடி போற பஸ்ஸை ஓவர்டேக் பண்ண ஆக்சிலேட்டரை தரையோட அமுக்கறீங்க, இப்ப வேணும்ங்கறது ரெண்டாவது. ரெண்டும் நாலும் ஒரே பக்கத்து ஷாஃப்ட். நாலை கழட்டி, ரெண்டை கோத்து, அப்புறம்தான் கிளட்ச் மாத்த முடியும். அந்த தயக்கத்தை மச்சானும் கண்டிப்பா உணர்ந்திருப்பார், சொல்லமாட்டார்.

சரி, அளக்கற விஷயத்துக்கு வருவோம். முதல்ல எதுல இருந்து எதுவரைக்கும்னு முடிவு பண்ணிக்கங்க. கிளட்ச்ல கால் வச்சதுல இருந்தா, லீவர் நகர்ந்ததுல இருந்தா, கால் எடுத்தவரைக்குமா? இதுல ஆளாளுக்கு ஒண்ணு எடுத்துக்கறதாலதான் ஒரே காருக்கு மூணு நம்பர் கிடைக்குது. என்னைக் கேட்டா சக்கரத்துக்கு இழுவை நின்ன நேரத்துல இருந்து இழுவை முழுசா திரும்ப வர்ற நேரம், அதுதான் கியர் மாத்தற நேரம், மத்ததெல்லாம் கை கால் ஆட்டம். இப்படி அளந்தாதான் மேனுவலையும் ஆட்டோமேட்டிக்கையும் ஒரே தராசுல வைக்க முடியும், ஏன்னா ஆட்டோமேட்டிக்ல கையும் காலும் கணக்குலயே இல்லையே.

சத்தத்தை வச்சு அளக்கறதுதான் சுலபம், காசும் ஆகாது. போன்ல ரெக்கார்டர் ஆப் போட்டு டேஷ்போர்டுக்கு கீழ, கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஆடாம செருகி வச்சிடுங்க, ஏசி ஃபேன், பாட்டு எல்லாம் ஆஃப், கண்ணாடி ஏத்தி விட்டுடுங்க. போனை பக்கத்து சீட்காரர் பாத்துக்கட்டும், ஓட்டறவர் தொடவே கூடாது. வேகமெல்லாம் வேண்டாம், காலியான நேர் ரோட்ல ரெண்டாவதுல 3,000 ஆர்பிஎம் வரை ஏத்தி மூணாவது போட்டா போதும், வேகம் நாற்பது சொச்சம்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து அந்த ஃபைலை ஆடாசிட்டிங்கற இலவச சாஃப்ட்வேர்ல திறந்து ஸ்பெக்ட்ரோகிராம்ங்கற வியூவுக்கு மாத்துங்க, நேரம் போகப் போக சத்தத்தோட ஹெர்ட்ஸ் ஏறி இறங்கறதை வரைஞ்சு காட்டற படம் அது. இன்ஜின் சத்தம் கோடு கோடா மேல ஏறிட்டுப் போறது தெரியும்.

அந்தக் கோடு என்னன்னா, நாலு சிலிண்டர் இன்ஜின்ல ரெண்டு சுத்துக்கு நாலு தடவை வெடிக்கும், அதனால ஆர்பிஎம்மை 30-ஆல வகுத்தா ஹெர்ட்ஸ் வந்துடும். 3,000-க்கு 100 ஹெர்ட்ஸ். மூணு சிலிண்டர் கார்னா 40-ஆல வகுங்க, 75 ஹெர்ட்ஸ். போன் மைக்குக்கு இந்த அடித்தொண்டை சத்தம் சரியா கேக்காது, அதனால அதுக்கு மேல ரெண்டு மடங்கு, நாலு மடங்குல இருக்கிற கோட்டைப் பாருங்க, பளிச்சுன்னு தெரியும். நாலு மடங்கு கோடுன்னா நாலு சிலிண்டர்ல 400-ல இருக்கும், மூணாவது கியர்ல ஆர்பிஎம் 2,000-க்கு இறங்குதுன்னு வைங்க, 267-க்கு வந்து மறுபடி ஏற ஆரம்பிக்கும். ஏறிட்டு இருந்த கோடு எங்க உடையுதோ அது ஆரம்பம், கீழ வந்து மறுபடி சீரா ஏற ஆரம்பிக்கிற இடம் முடிவு. மவுஸை இழுத்து செலக்ட் பண்ணா கீழயே நேரம் காட்டும்.

ஒரே ஒரு செட்டிங்ல மட்டும் கவனம். விண்டோ சைஸ்னு ஒண்ணு இருக்கும், அதை 4096-ல வச்சா செகண்டுக்கு 44,100 சாம்பிள் எடுக்கற ரெக்கார்டிங்ல ஒவ்வொரு கட்டமும் 93 மில்லிசெகண்ட் அகலம், டிஎஸ்ஜி மாதிரி பாக்ஸுக்கு கியர் மாத்தறதே அந்த அகலத்துக்குள்ள கரைஞ்சு போயிடும். 2048 வைங்க, 46-க்கு வந்துடும். இன்னும் குறைச்சா நேரம் துல்லியமாகும் ஆனா கோடு பட்டையாகி ஆர்பிஎம் படிக்க முடியாது, ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. மச்சான் கார்ல அளக்கறீங்கன்னா ஒரு வசதி, பேடிலை இழுக்கும்போது வர்ற டிக் சத்தமும் அலைவடிவத்துல குட்டி முள்ளு மாதிரி விழும், அங்க இருந்து அளந்தீங்கன்னா பேடில் இழுத்ததுக்கும் கார் கேட்டதுக்கும் நடுவுல எவ்ளோ யோசிக்குதுன்னும் தெரிஞ்சிடும், அதை அவர்கிட்ட கண்டிப்பா காட்டுங்க.

மேனுவல்ல சும்மா சாதாரணமா ஓட்டறவங்களுக்கு முக்கால் செகண்ட், ஒரு செகண்ட் கூட வரும், பதற வேண்டாம். கை பழகினவங்க அரை செகண்டுக்குள்ள முடிப்பாங்க. அதுக்கும் கீழ போகணும்னு அடிச்சுத் தள்ளாதீங்க. லீவரை நீங்க நகர்த்தினாலும் உள்ள சிங்க்ரோ ரிங் உராஞ்சு ரெண்டு பக்க வேகத்தையும் சமமாக்கினாதான் கியர் கோக்கும், அதுக்கு முன்னாடி அமுக்கினா கர்ர்னு கேக்கும், தேயறது அந்த ரிங்குதான். காலையில ஆயில் குளிர்ந்து கெட்டியா இருக்கும்போது முதல் கொஞ்ச தூரம் இன்னும் மெதுவாத்தான் விழும்.

கேள்வி: ஓபிடி டாங்கிள் வாங்கி போன்ல ஆர்பிஎம் கிராஃப் பாக்கறேன், அதுலயே இதை அளக்கலாமா? இல்ல ஸ்லோமோஷன் வீடியோ எடுக்கலாமா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: டாங்கிள் வேண்டாம்மா. காரோட கம்ப்யூட்டர்ல இருந்து தகவல் படிக்கற அந்த மலிவு ப்ளூடூத் டாங்கிள் ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்டு பதில் வாங்கற ரகம், ஆர்பிஎம் ஒண்ணை மட்டும் கேட்டாலும் செகண்டுக்கு பத்து பதில் வந்தா பெரிசு, அதோட வேகம், டெம்பரேச்சர்னு நாலு டயல் திறந்து வச்சிருந்தா அதுவும் பங்கு பிரிஞ்சிடும். பத்துன்னா புள்ளிக்குப் புள்ளி 100 மில்லிசெகண்ட், 200-ல மாறுற கியருக்கு ரெண்டு புள்ளி கிடைக்கும், அதை வச்சு கோடு போட்டா நம்ம இஷ்டத்துக்குத்தான் போடணும். ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டர் ஆப் அதை விட மோசம், பல போன்ல செகண்டுக்கு ஒரு தடவைதான்.

ஸ்லோமோஷன் நல்ல யோசனை, 240 ஃபிரேம்னா ஒரு ஃபிரேம் 4 மில்லிசெகண்ட் சொச்சம். ஆனா மீட்டர் முள்ளைப் படம் எடுக்காதீங்க, முள்ளு குதிக்காம அழகா ஆடணும்னு வேணும்னே மெதுவாக்கி வச்சிருப்பாங்க, இன்ஜின் இறங்கினதுக்கு அப்புறம்தான் முள்ளு இறங்கும். கால், கிளட்ச் பெடல், லீவர் இதைப் படம் எடுத்தா உங்க கை எங்க நேரம் வேஸ்ட் பண்ணுதுன்னு தெரியும், அதுக்கு ரொம்ப உபயோகம்.

இன்ஜினியரிங் மாணவின்னா ஃபைஃபாக்ஸ் ஆப் போட்டுப் பாருங்க, ஜெர்மனியோட ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமா விடறது, போனுக்குள்ள இருக்கிற ஆக்சிலரோமீட்டரை நேரா படிக்கும். கார் இழுக்கும்போது கிராஃப் மேல நிக்கும், கியர் மாத்தும்போது பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தோட அகலம்தான் நான் மேல சொன்ன இழுவை இல்லாத நேரம். போனை டேப் போட்டு ஒட்டுங்க, ஹோல்டர்ல மாட்டினா ஹோல்டர் ஆடறதைத்தான் அளப்பீங்க. கியர் மாத்தும்போது காரோட மூக்கும் லேசா இறங்கும், ஒரு டிகிரி சாஞ்சாலே 0.17 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் தப்பு வரும், பள்ளத்தோட ஆழத்தை நம்பாதீங்க, அகலத்தை நம்புங்க.

கேள்வி: ஏஎம்டி கார்ல கியர் மாறும்போது எல்லாரும் ஒண்ணா தலையாட்டறோம். ஆட்டோமேட்டிக்னு சொல்லிட்டு மேனுவலை விட ஸ்லோவா இருக்கே?
(வாசகர், மதுரை)

பதில்: ஏஎம்டி உள்ளுக்குள்ள மேனுவல்தான் சார். 2014-ல மாருதி செலேரியோவுல வந்தப்ப பரபரப்பா பேசினாங்களே, அதுவும் அதே அஞ்சு கியர் பாக்ஸ்தான், உங்க இடது காலுக்கும் இடது கைக்கும் பதிலா ஒரு ஆயில் பிரஷர் சிஸ்டம் வேலை பாக்குது. வரிசை அப்படியே, ஆக்சிலேட்டரை அதுவே குறைக்கும், கிளட்ச் அமுக்கும், பழைய கியரைக் கழட்டும், புதுசைக் கோக்கும், கிளட்சை மெதுவா விடும். இதுல கழட்டறதும் கோக்கறதும் பொதுவா வேகமாத்தான் முடியுது, நேரம் போறது கிளட்சை விடறதுல, அதை வேகமா விட்டா உதைக்கும், உதைச்சா ஷோரூமுக்குத்தான் வருவாங்கன்னு பயந்து கம்பெனிக்காரன் மெதுவா விட வைக்கிறான். உங்க கால் ஆக்சிலேட்டரை அமுக்கியே இருக்கும், ஆனா இழுவை இருக்காது, உடம்பு எதிர்பாக்குது கார் கொடுக்கல, அதான் தலை முன்னாடி போகுது.

மாறப் போகுதுன்னு தெரியும்போது ஆக்சிலேட்டரை லேசா தளர்த்துங்க, பழகிட்டா பாதி ஆட்டம் போயிடும். சிட்டிக்குள்ள இது பிரச்சனையே இல்ல, ஆனா ரெண்டு வழிச்சாலையில லாரியை ஓவர்டேக் பண்ற நடுவுல மேல் கியர் போட்டுச்சுன்னா எரிச்சலா வரும், அங்க மேனுவல் மோடுக்குத் தள்ளி கியரைப் பிடிச்சு வச்சுக்கங்க.

கேள்வி: சிவிடி கார்ல கியர் மாறும் வேகம் எவ்வளவு?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: மாறறதே இல்லையே. ரெண்டு புல்லி, நடுவுல ஒரு பெல்ட், விகிதம் வழுக்கிட்டே போகும். சில கார்ல படிப்படியா மாறற மாதிரி இருக்கும், நமக்காக நடிக்குது, அவ்ளோதான்.

கேள்வி: கியர் மாத்தறதுல அரை செகண்ட் மிச்சம் பிடிச்சு என்ன ஆகப்போகுது? ரேஸ்காரங்க ஏன் இதுக்கு இவ்ளோ அடிச்சுக்கறாங்க?
(வாசகர், வேலூர்)

பதில்: சாதாரண ஹேட்ச்பேக் ரெண்டாவதுல முழு ஆக்சிலேட்டர்ல ஒவ்வொரு செகண்டும் வேகம் செகண்டுக்கு ஒரு 2.5 மீட்டர் கூடுதுன்னு வைங்க. அரை செகண்ட் இழுவை இல்லைன்னா செகண்டுக்கு 1.25 மீட்டர், அதாவது மணிக்கு நாலரை கிலோமீட்டர் வேகம் வராம போச்சு. நூறைத் தொட ரெண்டு தடவை மாத்தணும்னா கிட்டத்தட்ட ஒரு செகண்ட் போயிடும். சில கம்பெனிகள் ரெண்டாவது கியரை நீளமா வச்சு அதுலயே நூறு வர்ற மாதிரி பண்றதுக்கு இதுவும் ஒரு காரணம், பேப்பர்ல அழகா இருக்கும்.

போர்ஷே 911-ல 991 தலைமுறை கரேராவை எடுத்துக்கங்க, கம்பெனியே சொன்ன கணக்கு, மேனுவலுக்கு 0-100 4.8 செகண்ட், பிடிகே டபுள் கிளட்ச்சுக்கு 4.6. அதே இன்ஜின்தான், பாக்ஸ் மட்டும் வேற. பழைய நாலு கியர் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலா ஆயில் வழியா இழுவையைக் கடத்தறது) ஆட்டோமேட்டிக் காலத்துல இது தலைகீழா இருந்தது, கன்வெர்ட்டர் வழுக்கலும் கியருக்கு நடுவுல பெரிய இடைவெளியும் சேர்ந்து மேனுவல்தான் ஜெயிக்கும், நம்ம அப்பா தலைமுறை ஆட்டோமேட்டிக்கை இளக்காரமா பேசறதுக்கு அதுதான் காரணம், இன்னைக்கு அந்தப் பேச்சு செல்லாது.

ரேஸ்ல 1989 பிரேசில் ஃபார்முலா 1 கிராண்ட் பிரீதான் திருப்பம். ஃபெராரி 640, ஸ்டியரிங் பின்னாடி பேடில் வச்ச கார், ஜான் பர்னார்ட் டிசைன். ஒடுக்கமான காக்பிட்ல லீவரும் அதோட கம்பிகளும் இடத்தை அடைக்குதேன்னு ஆரம்பிச்ச யோசனை அது. ரேஸ் முடிக்கிறதே சந்தேகம்னு இருந்த காரை நைஜல் மான்செல் ஓட்டி ஜெயிச்சிட்டார். அங்க இருந்து ரோட்டுக்கு வந்தது, 1997-ல ஃபெராரி எஃப்355, அப்புறம் என்ஸோவுக்கு 150 மில்லிசெகண்ட்னாங்க, பிஎம்டபிள்யூ இ46 எம்3-க்கு 80-னாங்க, 430 ஸ்கூடேரியாவுக்கு 60, 2011-ல லம்போர்கினி அவென்டடோர் 50. ஆனா அந்த 50 வேணும்னா ஒத்தைக் கிளட்ச்ல அடிச்சுத்தான் கோக்கணும், ஓட்டினவங்க எல்லாரும் சொன்னது முதுகுல உதை விழுதுன்னுதான். டிஎஸ்ஜில அந்த உதை ஏன் இல்லைன்னா ஒரு கிளட்ச் விடும்போதே இன்னொண்ணு பிடிக்குது, இழுவை அறுந்து போறதில்ல. நம்பர் சின்னதா இருக்கறதை விட பள்ளம் விழாம இருக்கறதுதான் பெரிய விஷயம், அதனாலதான் திருப்பூர்காரர்கிட்ட இழுவை இல்லாத நேரத்தை அளங்கன்னு சொன்னேன்.

கேள்வி: நாங்க லாரி ஓட்டின காலத்துல டபுள் கிளட்ச் போட்டுத்தான் கியர் விழும். இப்ப பசங்களுக்கு அது தேவையா?
(ஓய்வு பெற்ற ஓட்டுநர், நாமக்கல்)

பதில்: வணக்கம் அய்யா. நீங்க சொல்ற டபுள் கிளட்ச், டிஎஸ்ஜி மாதிரி ரெண்டு கிளட்ச் இருக்கிறது இல்ல, ஒரே கிளட்சை ரெண்டு தடவை மிதிக்கிறது. சிங்க்ரோ இல்லாத பாக்ஸ்ல ஒரு தடவை கிளட்ச் மிதிச்சு நியூட்ரல், விட்டு, கியரை இறக்கறதுக்காக ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதிச்சு கீழ் கியர், இந்த மொத்த வேலைக்கும் ஒரு செகண்டுக்கு மேல ஆகும், லோடு வண்டி மேட்டுல ஏறும்போது அதுக்குள்ள வேகம் விழுந்துடும்னு முன்கூட்டியே போடணும். இப்ப வர்ற கார்ல சிங்க்ரோ அந்த வேலையைப் பண்ணிடுது, பசங்களுக்கு அது தேவையில்ல. ஆனா ரிங் தேஞ்சு ரெண்டாவது மட்டும் கத்துற பழைய கார் வச்சிருக்கிற பசங்களுக்கு நீங்க ஒரு நாள் கத்துக் கொடுங்க, மெக்கானிக் பாக்ஸ் இறக்கற வரைக்கும் ஓட்டிடலாம்.