தலை ஸ்கேன்: எல்லை ஊர்க்காரர்களின் கேள்விகளுக்கு ஒரு டெக்னீஷியனின் பதில்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஸ்கேன் அறைகளில் வேலை பார்த்தவன் நான். படம் எடுப்பது மட்டும்தான் என் வேலை. அதைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர்.

மார்த்தாண்டம், ஆசிரியை: சி.டி. இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எதற்கு?

இரண்டும் பார்ப்பது வேறு வேறு, டீச்சர். சி.டி. என்பது எக்ஸ்ரேதான். குழாய் தலையைச் சுற்றி வரும்; எந்த இடம் கதிரை எவ்வளவு தடுத்தது என்று கம்ப்யூட்டர் எண் போடும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, மூளைக்கு 30, 40. புதிதாகக் கசிந்த ரத்தம் 50 முதல் 70 வரை வருவதால் வெள்ளையாகத் தனித்து நிற்கும். இந்த எண்களுக்கு இங்கிலாந்துப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான். 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது அவர் உருவாக்கிய கருவி. தென்னையிலிருந்து விழுந்தவருக்கு முதலில் சி.டி. எடுப்பதும் இதனால்தான்: எலும்பு முறிவும் ரத்தமும் சில நொடிகளில் தெரிந்துவிடும்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனைக் காந்தம் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவரும். ரேடியோ அலையால் அதைக் கலைத்துவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது சிக்னல் தரும். கொழுப்பு ஒரு வேகத்தில் திரும்பும், தண்ணீர் ஒரு வேகத்தில் திரும்பும். அந்த வித்தியாசம்தான் படம். சின்னக் கட்டி, நரம்பு, வலிப்புக்குக் காரணமான தழும்பு எல்லாம் இதில்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். ஆனால் அரை மணி நேரமாவது அசையாமல் படுக்க வேண்டும்.

குழித்துறை, ஒரு அக்கா: தாலிச் செயினைக் கழற்றத்தான் வேண்டுமா?

கழற்றுங்கள் அக்கா. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் கொக்கி என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது. அரைஞாண், தகடு வைத்த ஏலஸ் (தாயத்து), ஹேர்பின், சேலைப் பின் எல்லாமே வெளியே. காந்தத்தின் பலத்தை டெஸ்லா என்ற அளவில் சொல்வோம்; 1.5 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தத்தைப் போல 30,000 மடங்கு. மெஷின் ஓடாதபோதும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். துணைக்கு வருபவர் பையில் கிடக்கும் சாவிக்கும் இதே விதிதான். வெல்டிங், லேத் வேலை பார்த்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதற்குக் கொடுத்த கார்டோடு வாருங்கள்.

பாறசாலை, ஒரு அண்ணன்: பக்கவாதத்துக்கு எம்.ஆர்.ஐ.தானே நல்லது? சி.டி. எடுப்பது காசு வீண்.

இல்லை அண்ணே. ஒரு பக்கம் திடீரென்று விழுந்துபோனால் முதலில் தெரிய வேண்டியது ரத்தம் கசிந்ததா, குழாய் அடைத்ததா என்பதுதான். அடைப்புக்குப் போடும் ஊசியைக் கசிவுக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கேள்விக்குச் சி.டி. உடனே பதில் சொல்லும்.

அதே அண்ணன்: என் மச்சானுக்குச் சி.டி. நார்மல் என்று வந்தது. அடைப்பு எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது.

அது உண்மை. புது அடைப்பு முதல் சில மணி நேரம் சி.டி.யில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற படம் அதைச் சீக்கிரமே காட்டிவிடும். ஆனால் உங்கள் மச்சானுக்கு வந்த அந்த 'நார்மல்' வீண் இல்லை, அண்ணே. ரத்தக் கசிவு இல்லை என்று அர்த்தம். ஊசி போடலாமா என்று டாக்டர் யோசிக்க அதுதான் வழி விட்டது.

இரவிபுத்தன்துறை, ஒரு தம்பி: அப்போ பெரிய ஸ்கேன் உள்ள திருவனந்தபுரத்துக்கே நேராகப் போய்விட்டால்?

பக்கவாதத்துக்கு ஆயத்தமான ஆஸ்பத்திரி என்றால் போகலாம், தம்பி. ஸ்கேன் பெரிது என்பதற்காக மட்டும் போகாதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் வழக்கமான கெடு. அதுவும் ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. ஒரு முறை சி.டி. மேஜையிலிருந்தே அப்பாவை இறக்கி, எம்.ஆர்.ஐ. தேடிக் கொண்டுபோனார்கள். மறுநாள் மகன் வந்து நின்ற முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கெடு தாண்டியிருந்தது. வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால், மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மணவாளக்குறிச்சி: சி.டி.யில் கதிர் அதிகமாமே?

உடம்பு வாங்கும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்வோம். ஒரு தலை சி.டி. சுமார் 2 மில்லிசீவர்ட். உலக சராசரியில் ஒருவர் ஒரு வருடத்தில் இயற்கையிலிருந்து வாங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் கதிர் வீசும் தோரியம். அங்கே இயற்கைக் கதிரே கூடுதல். தேவைக்கு எடுக்கும்போது பயம் வேண்டாம். சும்மா திரும்பத் திரும்ப எடுக்கவும் வேண்டாம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு.

கொல்லங்கோடு: இறால் அலர்ஜி உண்டு. கான்ட்ராஸ்ட் ஊசி போடலாமா?

சி.டி.யில் படம் தெளிவாகத் தெரிய நரம்பில் போடும் கான்ட்ராஸ்ட் ஒரு அயோடின் மருந்து. இறால் அலர்ஜிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் எந்த அலர்ஜியையும் சொல்லிவிடுங்கள். கிட்னிக் கோளாறு இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நித்திரவிளை: ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்று இருக்கிறது...

எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

அருமனை: வெள்ளி அரைஞாண் பரவாயில்லையா?

மேலே சொல்லிவிட்டேன். கழற்றுங்கள்.

இரவிபுத்தன்துறைத் தம்பி மறுபடியும்: அப்பாவுக்கு பி.பி. உண்டு. இப்போதே என்ன விசாரித்து வைக்க வேண்டும்?

நல்ல கேள்வி, மக்களே. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ராத்திரி 2 மணிக்கும் சி.டி. எடுக்கும் இடம் எது, கரைக்கும் ஊசி அங்கேயே இருக்கிறதா என்று இன்றே கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.