கேள்வி–பதில்: ஃபாஃப்சா படிவமும் வரிக் கணக்கும்

டல்லாஸில் ஹெச்1பி விசாவில் இருக்கிறோம். மகள் இங்கே பிறந்தவள், கல்லூரிக்குப் போகப்போகிறாள். மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சாவில், எங்கள் வரி விவரத்தை வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்கிறார்கள். சம்மதிக்காமல் நாங்களே நிரப்பினால் போதாதா?

போதாது. மகள் அமெரிக்கக் குடிமகள். உங்கள் விசா அவள் தகுதியைப் பாதிக்காது. ஆனால் 2024-25 படிவம் தொடங்கி, வரி விவரம் ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து கல்வித் துறைக்கு நேரடியாகப் போகிறது. மாணவரும், படிவத்தில் சேரவேண்டிய பெற்றோரும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மத்திய அரசு உதவி எதுவும் கிடைக்காது. வரியே கட்டாதவரும் சம்மதம் தந்தாக வேண்டும். பலர் இதைத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். 2026-27க்கு எடுக்கப்படுவது 2024 வரிக் கணக்கு.

கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் ஒருவர் மட்டும் படிவத்தில் சேர்ந்தால் போதும். ஹெச்4இல், அதாவது ஹெச்1பி-காரரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் துணைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு தரும் அடையாள எண்) இல்லையென்றால், எண் உள்ளவரே சேர்வது நல்லது. தனித்தனியாகத் தாக்கல் செய்திருந்தால் இருவரும் வேண்டும்.

ஃபாஃப்சாவுக்கான இணையக் கணக்குத் தொடங்கும்போது என் விவரம் பொருந்தவில்லை என்று வருகிறது. எல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன்.

நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல். காரணம் பெரும்பாலும் இனிஷியல். கணக்குத் தொடங்கியதும் பெயர், பிறந்த தேதி, எண் மூன்றும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகப் பதிவோடு ஒப்பிடப்படும். முன்பு இதற்கு மூன்று நாள் வரை ஆனது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், வேலை செய்யும் இடத்தில் இனிஷியலோடு எழுதியிருப்பார்கள், வங்கியில் முன்பின்னாக மாறியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரே இருந்ததால் விசாவில் ‘எஃப்.என்.யூ.’ (முதற்பெயர் தெரியாது) என்று விழுந்தவர்களும் உண்டு. இதையெல்லாம் மறந்துவிட்டு, சோஷியல் செக்யூரிட்டி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே தட்டுங்கள். அட்டையே தவறென்றால் முதலில் அந்த அலுவலகத்தில் திருத்த வேண்டும்.

பிள்ளையின் கணக்குக்குக் கொடுத்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் உங்கள் கணக்குக்குக் கொடுக்காதீர்கள், ஏற்காது. எல்லாம் முடிந்த பிறகும் படிவம் நகரவில்லையா? யாரோ ஒருவர் சம்மதம் கொடுத்துவிட்டுக் கையெழுத்திடாமல் வெளியே வந்திருப்பார்.

மதுரையில் வாடகைக்கு விட்ட வீடு இருக்கிறது. அதுவும் தானாகப் போய்விடுமா?

போகாது. ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து வருவது வரிக் கணக்கு விவரம் மட்டுமே. சொத்துக் கேள்வி உங்கள் படிவத்தில் வந்தால், குடியிருக்கும் வீட்டைத் தவிர மற்ற வீடுகளின் இன்றைய மதிப்பில் கடனைக் கழித்து, டாலரில் நீங்களே எழுத வேண்டும்.

2024இல் நல்ல சம்பளம், இப்போது வேலையில்லை. படிவத்தில் வருமானத் தொகையைத் திருத்தலாமா? பத்துக் கல்லூரிகளுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டுமா?

ஐ.ஆர்.எஸ். அனுப்பிய தொகையை நீங்கள் மாற்ற முடியாது. அது திரையிலும் தெரியாது. வேலை போனதற்கான கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கும் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். ஒரு கல்லூரி இறங்கிவந்தால் மற்றதும் வரவேண்டும் என்பதில்லை.

அனுப்புவது ஒரே முறைதான். இணையப் படிவத்தில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். பரிசீலனை முடிந்ததும் விவரம் எல்லாவற்றுக்கும் மின்வழியில் போய்விடும். எந்தக் கல்லூரிக்கும் பட்டியலில் உள்ள மற்ற பெயர்கள் தெரியாது. இடம் வேண்டி ஒரு பெயரை நீக்கினால், பிறகு செய்யும் திருத்தங்கள் அந்தக் கல்லூரிக்குத் தானாகப் போகாது. சில தனியார் கல்லூரிகள் தங்கள் சொந்த நிதியுதவிக்காக சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற வேறொரு படிவமும் கேட்கும். காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் அதற்கு ஃபாஃப்சாவிலிருந்து ஒரு விவரம்கூடப் போகாது. அதை முதலிலிருந்து நிரப்ப வேண்டும், அதன் கடைசித் தேதியும் கல்லூரிக்குக் கல்லூரி வேறு.