திறமையான ஆட்டக்காரர்கள் இருந்தும் ஆள் பற்றாத கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு ரசிகராக இருப்பது எப்படி இருக்கும்?

"மோசமான அணிக்கு ரசிகராக இருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை, இல்லையா?" என்று கேள்விக்குக் கீழே ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். இல்லை என்றுதான் சொல்வேன். மோசமான அணி தோற்றால் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். திறமை இருந்து ஆள் இல்லாத அணி அப்படி விடாது. ஜெயிக்கிற ஆட்டத்தில்கூட வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஸ்கோரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, யார் நொண்டுகிறார்கள், யார் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நிற்கிறார்கள் என்று பார்க்கப் பழகிவிடுவோம்.

நான் சொல்வது கனெக்டிகட் பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணியை. இங்கே எல்லோருக்கும் அது யூகான். 2016-ல் வேலைக்காக ஹார்ட்ஃபோர்டு வந்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நிறைந்த ஊர், அதனால் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம் ஆட்களும் நிறைய. இந்த மாநிலத்துக்கென்று என்.பி.ஏ. (தொழில்முறைக் கூடைப்பந்து) அணியோ என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து) அணியோ கிடையாது. நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு இருக்கிற இடம் இங்கே கல்லூரிக் கூடைப்பந்துக்கு. அதிலும் பெண்கள் அணிக்குத் தனி மரியாதை. ஜீனோ ஆரியெம்மா என்பவர் 1985-லிருந்து பயிற்சியாளராக இருக்கிறார்.

அலுவலகத்தில் ஒருவர் தன்னால் போக முடியாத ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார். சரி, சும்மா கிடைக்கிறதே என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டம் தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியது. யூகான் முதல் கூடை போடும்வரை யாரும் உட்காரக் கூடாது, அது இங்கே வழக்கம். அன்றைக்குப் பார்த்து முதல் மூன்று ஷாட்டும் வெளியே போயின. "கை வலிக்குதுப்பா" என்றாள் மகள், ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை. அப்படித்தான் மாட்டிக்கொண்டோம்.

என் முதல் கோபத்துக்குத் தேதி உண்டு. 2021 டிசம்பர் 5, நோட்ர டேம் அணியோடு ஆட்டம். முந்தைய சீசனில் முதலாமாண்டு படிக்கும்போதே நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதுகளை வாங்கிய பெய்ஜ் பெக்கர்ஸ்தான் எங்கள் அணியின் உயிர். ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, இருபது புள்ளி அளவுக்கு முன்னிலை, ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் பாக்கி. அந்த நேரத்தில் பெக்கர்ஸ் இன்னும் களத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "போதும், வெளியே கூப்பிடுங்களேன்" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் மடங்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். ஜெயித்த ஆட்டம் அது, 73-54. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2022 ஆகஸ்டில் அதே இடது முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தது. அந்த சீசன் முழுக்க அவர் இல்லை. (பெண் ஆட்டக்காரர்களுக்கு ஏ.சி.எல். கிழிவது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். மகள் பள்ளி அணியில் ஆடத் தொடங்கியபிறகு அந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது.) டிசம்பரில் அடுத்த நட்சத்திரம் ஆஸி ஃபட்டுக்கும் முழங்கால். 2023 ஜனவரியில் டிபால் பல்கலைக்கழகத்தோடு ஆட வேண்டிய ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள். பிக் ஈஸ்ட் என்பது எங்கள் அணி ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பு, அதாவது கான்ஃபரன்ஸ். அதன் விதிப்படி உதவித்தொகை பெறும் ஆட்டக்காரர்கள் ஏழு பேராவது வேண்டும், எங்களிடம் ஏழு பேர் இல்லை. தேசிய சாம்பியன்ஷிப்பைப் பதினொரு முறை வென்ற கல்லூரி, தலை எண்ணிக்கை போதாமல் ஆட்டத்தைத் தள்ளிவைக்கிறது! மார்ச்சில் ஓஹாயோ ஸ்டேட் முழுக் களத்திலும் விரட்டி விரட்டித் தடுத்தது. களைத்துப்போன பெண்கள் பந்தை 25 முறை பறிகொடுத்தார்கள். 14 தொடர்களாக விடாமல் அரையிறுதி போய்க்கொண்டிருந்த அணி அத்தோடு நின்றது.

சரி, கஷ்டகாலம் போய்விட்டது, 2023-ல் எல்லோரும் திரும்பி வருகிறார்கள் என்று நினைத்தோம். ஜூலையிலேயே எகிப்திலிருந்து வந்த உயரமான சென்டர் (கூடைக்கருகில் நின்று ஆடுபவர்) ஜானா எல் அல்ஃபிக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. நவம்பரில் இரண்டே ஆட்டம் ஆடிய ஃபட்டுக்குப் பயிற்சியில் ஏ.சி.எல். போனது. கரோலின் டூஷார்முக்குத் தலை, கழுத்துப் பிரச்சினை. அயான்னா பேட்டர்சனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஜனவரி 3 அன்று கிரெய்ட்டனோடு ஆடும்போது ஆப்ரி கிரிஃபினுக்கும் ஏ.சி.எல். அன்றும் ஜெயித்தோம், அதுவும் நாற்பது புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில்.

அந்தக் குளிர்காலத்தில் அரங்கத்துக்குப் போனால் முதல் வேலை ஆள் எண்ணுவதுதான். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி உட்காருவார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி, ஆட்டக் கையேட்டில் பெயர்களுக்கு நேரே பென்சிலால் டிக் போடுவார். அணி வெளியே வந்து சுற்றி ஓடும்போது மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொருவராகப் பார்ப்பார். ஒரு நாள் என் மகள் பெஞ்சைக் காட்டி, "அப்பா, டிரஸ் மாத்தாம உட்கார்ந்திருக்கவங்கள வெச்சே ஒரு டீம் போடலாம் போல" என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். பாட்டி சிரிக்கவில்லை. "போடலாம், அந்த அணி தேசிய வரிசையில் இடம் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவினார்.

ஆள் குறைந்தால் களைப்பு வரும், அது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆட்டத்தின் குணமே மாறிப்போவதுதான் கொடுமை. ஐந்து ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டும் என்பது விதி. பெஞ்சில் மாற்று ஆள் இருக்கிற அணியின் சென்டர் துணிந்து மோதுவார். எங்கள் ஆலியா எட்வர்ட்ஸ் முதல் காலாட்டத்தில் இரண்டு ஃபவுல் வாங்கினால் எங்களுக்குக் கை நடுங்கும். அதற்குப் பிறகு எதிராளி கூடைக்கு அருகில் வந்தால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கலாமே தவிரத் தடுக்க முடியாது. உயரமானவர்கள் எல்லோரும் மருத்துவமனைக்கும் பெஞ்சுக்குமாக இருந்ததால், பெக்கர்ஸை பவர் ஃபார்வர்டு என்ற, கூடைக்கருகில் மோதி ஆடும் இடத்தில் நிறுத்தினார்கள். அவர் கார்டு, அதாவது கூடையிலிருந்து தள்ளி நின்று பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர். தன்னைவிட உயரமும் எடையும் கூடியவர்களோடு கூடைக்கடியில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்து ரீபவுண்ட் எடுக்க வேண்டும், அப்புறம் ஓடிப்போய்ப் புள்ளியும் எடுக்க வேண்டும். கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரரே வாழையிலை கழுவி, பந்தி பரிமாறி, கடைசியில் பாத்திரமும் தேய்க்கிற மாதிரி.

இதைவிடப் பெரிய சேதம் நம் கண்ணுக்குத் தெரியாத பயிற்சிக்கூடத்தில் நடக்கிறது. ஐந்துக்கு ஐந்து ஆடிப் பார்க்கப் பத்துப் பேர் வேண்டும். அமெரிக்கப் பெண்கள் கல்லூரி அணிகளில் ஆண் மாணவர்கள் பயிற்சிக்காக எதிரணியாக நிற்பது வழக்கம், அது ஓரளவு காப்பாற்றும். ஆனால் ஏழெட்டுப் பேர்தான் தேறுவார்கள் என்றால் பயிற்சியையே குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களும் போய்விடுவார்கள். முதலாமாண்டு மாணவிகளான கேகே ஆர்னால்டும் ஆஷ்லின் ஷேடும் நிறைய விஷயங்களை நேரே ஆட்டத்தில்தான் கற்றுக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

எங்கள் கான்ஃபரன்ஸில் இதெல்லாம் வெளியே தெரியவே இல்லை. பிக் ஈஸ்டில் 18 ஆட்டம், 18-ம் வெற்றி. அந்த சீசனில் மொத்தமே ஆறு தோல்விதான், எல்லாம் பெரிய அணிகளிடம். பிப்ரவரியில் தென் கரோலினாவிடம் 83-65 என்று தோற்றோம். அங்கே ஒருவர் களைத்தால் இன்னொருவர் வருவார்; வருகிறவர் வேறு எந்தக் கல்லூரியிலும் முதல் ஐந்தில் இருப்பார். அந்த வருடம் அவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 38-0 என்று கோப்பையை எடுத்தார்கள். பாட்டி அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பெஞ்ச்."

பயிற்சியாளரைத் திட்டலாமா? நான் திட்டியிருக்கிறேன். அவர் எப்போதும் ஏழெட்டுப் பேரை மட்டும் நம்புகிறவர் என்பது என் பழைய குறை. எல்லோரும் நலமாக இருந்த காலத்திலும் பெஞ்சின் கடைசியில் இருந்தவர்களுக்கு முப்பது புள்ளி முன்னிலை வந்தபிறகுதான் வாய்ப்பு. ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக மற்ற அணிகள் நான்கைந்து பேரை அள்ளிக்கொண்டு வரும்போது இவர் எண்ணி எண்ணி எடுப்பார். ஆனால் ஒரே வருடத்தில் ஐந்தாறு பேர் விழுவார்கள் என்று கணக்குப் போட்டு யாரும் அணி சேர்ப்பதில்லை. 2024-ன் அதே ஜனவரியில் டெக்சஸில் டி.சி.யூ. பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணி ஆள் இல்லாமல் இரண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. பிறகு வளாகத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தேர்வு வைத்து நான்கு மாணவிகளைச் சேர்த்துக்கொண்டது. அதைப் படித்த அன்று பாட்டியிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு எரிச்சல், ஏழு பேரை வைத்தும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது. 2018-ல் நோட்ர டேம் அணியில் நான்கு பேருக்கு ஏ.சி.எல். கிழிந்திருந்தது, அவர்கள்தான் சாம்பியன். அரையிறுதியில் ஓவர்டைமின் கடைசி நொடியில் அரிகே ஒகுன்போவாலே போட்ட பந்தால் 91-89 என்று அவர்களிடம் தோற்ற அணி எது தெரியுமா? ஒரு தோல்வியும் இல்லாமல் 36-0 என்று வந்திருந்த எங்கள் யூகான். அதனால் ஆள் இல்லை என்று கைகழுவவும் முடியாது. ஒரு மூலையில் நப்பாசை உட்கார்ந்துகொண்டே இருக்கும்.

2024 மார்ச்சில் அந்த நப்பாசைக்கு நெய் ஊற்றினார்கள். பிக் ஈஸ்ட் தொடரின் நடுவே எட்வர்ட்ஸுக்கு மூக்கு உடைந்தது, அவர் இல்லாமலே கோப்பையை எடுத்தார்கள். தேசியத் தொடரில் சிரக்யூஸ், டியூக், அப்புறம் நட்சத்திரம் ஜூஜூ வாட்கின்ஸ் ஆடிய யூ.எஸ்.சி. (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்). அந்த ஆட்டம் மேற்குக் கரையில் போர்ட்லண்டில், திங்கட்கிழமை ராத்திரி. மறுநாள் காலை மீட்டிங் இருந்தும் முழுக்கப் பார்த்தேன். பெக்கர்ஸ் 28 புள்ளி, நாங்கள் 80-73.

ஏப்ரல் 5, கிளீவ்லண்ட், அரையிறுதி. எதிரே நட்சத்திர ஆட்டக்காரர் கெய்ட்லின் கிளார்க்கின் அயோவா. அமெரிக்காவில் 1.4 கோடிப் பேர் பார்த்த ஆட்டம். எங்கள் நிக்கா மூல் கிளார்க்கை நிழல்போல ஒட்டிக்கொண்டிருந்தார். இடைவேளையில் நாங்கள் 32-26 முன்னிலை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசியில் 70-69, ஒரு புள்ளி பின்தங்கல், பந்து எங்களிடம். பெக்கர்ஸுக்கு வழிவிட எட்வர்ட்ஸ் ஸ்க்ரீன் போட (எதிராளியின் வழியை மறித்து அசையாமல் நிற்க) நகர்ந்தார், 3.9 நொடி இருக்கும்போது விசில். நகர்ந்தபடி ஸ்க்ரீன் போட்டார் என்று ஃபவுல். பந்து அயோவாவிடம் போனது, எங்கள் பக்கம் மறுபடி ஒரு ஃபவுல். கிளார்க் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைப் போட்டார், 71-69, முடிந்தது.

அந்த விசில் சரியா தவறா என்று நாடே ஒரு வாரம் சண்டை போட்டது. அந்த நேரத்தில் அதை ஊதியிருக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் ஒரு விசிலால் தோற்கவில்லை என்று பெக்கர்ஸே சொன்னார், எனக்கும் யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. மூன்றாவது, நான்காவது காலாட்டங்களில் எங்களுடைய பெண்கள் மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் உள்ளே அனுப்ப ஆஸி ஃபட் இருந்தார், சாதாரண உடுப்பில், பெஞ்சில். மகள் எதுவும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டாள். என் மனைவி, "காசு குடுத்து சேனல் வாங்கி அழுறதுக்கு, இதுக்கு சீரியல் பார்க்கலாம்" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்கு முன்பு பிப்ரவரியில் கடைசி ஆண்டு மாணவிகளுக்கு நடந்த வழியனுப்பு விழாவில், துரதிர்ஷ்டவசமாக இது தன் கடைசி வழியனுப்பு விழா இல்லை என்று பெக்கர்ஸ் விளையாட்டாகச் சொல்லியிருந்தார். அதாவது இன்னும் ஒரு வருடம் இருப்பார். சந்தோஷத்தில் கத்தினோம். பாட்டி மட்டும் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இன்னொரு வருடம் எப்படிப் போனது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாரா ஸ்ட்ராங் என்ற புதுப் பெண் வந்தார், பிரின்ஸ்டனிலிருந்து கெய்ட்லின் சென் வந்தார், ஃபட் திரும்பி வந்தார். 2025 ஏப்ரல் 6, டாம்பாவில் இறுதி ஆட்டம், அதே தென் கரோலினா, 82-59. ஃபட்டும் ஸ்ட்ராங்கும் ஆளுக்கு 24.

ஆனால் எனக்கு அந்த ஸ்கோரைவிட நினைவில் நிற்பது கடைசி ஒன்றரை நிமிடம். இருபதுக்கு மேல் முன்னிலை. நான் எழுந்து நின்று, 2021-ல் சொன்னதையே மறுபடியும் டிவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், "போதும், கூப்பிடுங்க, வெளியே கூப்பிடுங்க." கூப்பிட்டார்கள். பெக்கர்ஸ் நடந்தே வெளியே வந்து ஜீனோவைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருக்குப் பதிலாக உள்ளே போக பெஞ்சில் ஆள் இருந்தது. "எத்தனை பேர்னு எண்ணட்டுமாப்பா?" என்றாள் மகள்.