மூன்றாவது பாத்திரம் எதற்கு?

வணக்கம் சார்,

மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாறு டப்பாவை வாங்கித் தண்ணீரில் கரைத்து பீர் காய்ச்சிக்கொண்டிருந்தவன் நான். இப்போது முழுத் தானியத்துக்கு மாறியிருக்கிறேன். கையில் இருப்பவை 45 லிட்டர் அண்டா ஒன்றும், குழாயும் அடியில் சல்லடைத் தட்டும் பொருத்திய 38 லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்றும். 20 லிட்டர் பீருக்கு 5 கிலோ மால்ட். 15 லிட்டர் வெந்நீரை 71 டிகிரியில் ஊற்றினேன். 66-இல் நிற்கவேண்டியது 62-இல் நின்றது. ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்துவிட்டு, வாளிகளில் எடுத்து வைத்திருந்த வெந்நீரைக் குவளையால் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. கொதிக்கவைத்து ஆறவைத்து அடர்த்தியைப் பார்த்தால் (வெறும் தண்ணீர் 1.000, சர்க்கரை கூடக்கூட எண் ஏறும்), 1.055 வரும் என்று நினைத்திருந்த இடத்தில் 1.041. மொத்தம் 23 லிட்டர் கிடைத்தது. மால்ட்டைக் கடையிலேயே அரைத்து வாங்கினேன். இரண்டு பாத்திரத்தில் இவ்வளவுதான் வரும், வெந்நீருக்குத் தனியாக மூன்றாவது பாத்திரமும் ஒரு பம்பும் வாங்கு என்கிறார் நண்பர். வாங்கட்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாங்க வேண்டாம். ஒரு வாளி மட்டும் வேண்டும், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் காணாமல் போன புள்ளிகளைத் தேடுவோம். 1.055 என்பதை 55 புள்ளி என்று வைத்துக்கொண்டு லிட்டரால் பெருக்குங்கள்: 20 லிட்டருக்கு 1100. உங்களுக்குக் கிடைத்தது 41 பெருக்கல் 23, அதாவது 943. நீங்கள் எதிர்பார்த்த 1100-ஐயும் முழுசாகப் பிடித்திருந்தாலும் 23 லிட்டரில் அது 1.048 என்றுதான் காட்டியிருக்கும். ஆக, குறைந்த 14 புள்ளிகளில் பாதி எங்கேயும் போகவில்லை, கூடுதலாக நின்ற 3 லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டிருந்தால் அந்தப் பாதி கிட்டத்தட்ட சரியாகியிருக்கும் (அந்தக் கூடுதல் நேரத்தைக் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவைப் போடுவதற்கு முன்பே கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் கசப்புக் கணக்கு மாறிவிடும்). அதனால் கொதிக்கத் தொடங்கும் முன்பே அளவையும் அடர்த்தியையும் பார்த்துவிடுவது நல்லது. ஒரு நீளமான மரக்கரண்டியை எடுத்து, அண்டாவில் இரண்டு இரண்டு லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் கத்தியால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். இதைவிடப் பயனுள்ள கருவி இந்தத் தொழிலில் குறைவு.

இன்னொன்று, "ஆறவைத்து" என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை டிகிரிக்கு என்று எழுதவில்லை. ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தி அளக்கும் கண்ணாடி மிதவை) பெரும்பாலும் 20 டிகிரிக்குத்தான் கோடு போட்டிருப்பார்கள். 40 டிகிரியில் முக்கினால் 6 புள்ளி குறைத்துக் காட்டும், 60 டிகிரியில் 15, 16 புள்ளி வரை குறையும். கைபொறுக்கும் சூட்டில் அளந்திருந்தால் உங்கள் பீரில் பெரிய குறையே இல்லை என்றுகூட ஆகலாம். சரி, ஒழுங்காக ஆறவைத்துத்தான் அளந்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

மீதிப் பாதி அந்தக் கால் மணி நேரத்தில் போனது. மூன்று பாத்திரம் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், மேலிருந்து வெந்நீர் மெல்ல இறங்க, கீழே அதே வேகத்தில் வோர்ட் (மால்ட்டிலிருந்து இறங்கும் சர்க்கரை நீர்) வடிய, மால்ட் மட்டத்துக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் எப்போதும் நிற்கும்படி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை அந்த ஓட்டத்தைக் காக்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் வெந்நீர் சூடாக இருக்க வேண்டும், வோர்ட்டை வாங்கிக்கொள்ள இன்னொரு பாத்திரமும் காலியாக இருக்க வேண்டும். அடுப்பில் ஏறக்கூடியது உங்களிடம் ஒன்றே ஒன்றுதான், அதைக்கொண்டு இரண்டு வேலையையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. நீங்கள் வெந்நீரை வாளிக்கு மாற்றினீர்கள், அது ஆறியது. அவசரமாக ஊற்றினீர்கள், ஊற்றிய தண்ணீர் சக்கைக்குள் நின்று சர்க்கரையைக் கரைக்காமல் பெட்டியின் ஓரமாக வழி கண்டுபிடித்து நேராகக் குழாய்க்குப் போய்விட்டது. இரண்டு பாத்திரக்காரர்கள் மூன்று பாத்திர முறையைப் பின்பற்றப் போனால் எல்லோருக்கும் இதுதான் கதி. உங்கள் பாத்திரங்களுக்கு ஒத்துவருவது வேறு முறை. முதலில் முழுக்க வடித்துவிடுவது, பிறகு மொத்த வெந்நீரையும் ஒரே தடவையில் ஊற்றிக் கிளறி, மறுபடி முழுக்க வடிப்பது. துணி அலசுகிற மாதிரி இரண்டு அலசல், அவ்வளவுதான்.

உங்கள் 5 கிலோவுக்கே கணக்கைச் சொல்கிறேன். மால்ட் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடித்துவிடும், சல்லடைத் தட்டுக்கு அடியில் வடியாமல் ஒரு லிட்டர் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கத் தொடங்கும்போது அண்டாவில் 25 லிட்டர் வேண்டும் என்றால் மொத்தம் 31 லிட்டர் தண்ணீர். இதில் 18-ஐ ஊறவைக்க எடுத்துக்கொண்டால் முதல் வடிப்பில் 12 லிட்டர் வரும். மீதி 13-ஐ ஊற்றினால் இரண்டாம் வடிப்பில் 13 லிட்டர் அப்படியே வரும், ஏனென்றால் சக்கை ஏற்கெனவே குடித்தாகிவிட்டது. இரண்டு வடிப்பும் இப்படி ஏறக்குறைய சமமாக இருக்கும்போதுதான் அதிகச் சர்க்கரை கிடைக்கும். முதல் தடவை 18-இல் 12, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. உள்ளே தங்கிய ஒரு பங்கை 13 லிட்டரில் அலசும்போது அதிலும் மூன்றில் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் நூற்றுக்கு 90-ஐ நெருங்கும். நல்ல அரைப்பாக இருந்தால் 20 லிட்டரில் 1.055-க்கும் மேலேயே வரலாம்.

பாத்திரங்கள் மாறும் வரிசைதான் இதில் எல்லாம். மால்ட் பெட்டிக்குள் ஊற ஆரம்பித்ததும் அண்டா காலி. கடைசி இருபது இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போது அதில் 13 லிட்டரை வைத்து 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவாருங்கள். ஈரச் சக்கையோடு கலந்ததும் அது 75-இல் வந்து நிற்கும். நேரம் ஆனதும் குழாயைக் கால் திருப்பு மட்டும் திறந்து, கலங்கலாக வரும் முதல் இரண்டு லிட்டரை ஜாடியில் பிடித்து, அலையடிக்காமல் மேலேயே திரும்ப ஊற்றுங்கள். உமி அடியில் படிந்து வடிகட்டியாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: முதலில் மாவுத் துணுக்குகளோடு கஞ்சிபோல வருவது கொஞ்ச நேரத்தில் தேன் நிறத்துக்குத் தெளியும். தெளிந்ததும் வாளியில் பிடியுங்கள். 12 லிட்டரும் வாளிக்கு வந்த பிறகு, அண்டாவில் இருக்கும் வெந்நீர் முழுவதையும் பெட்டியில் ஊற்றி, அடிவரை கிளறி, பத்து நிமிடம் விடுங்கள். இப்போது அண்டா மறுபடி காலி. வாளியில் இருப்பதை அதில் ஊற்றி அடுப்பைப் பற்றவையுங்கள். இரண்டாம் வடிப்பைத் தெளியவைத்து நேராக அண்டாவிலேயே விடலாம், அது முழுக்க வந்து சேர்வதற்குள் முதல் வடிப்பு சூடேறத் தொடங்கியிருக்கும். உங்கள் நண்பர் சொல்லும் மூன்றாவது பாத்திரத்தின் வேலையை ஒரு வாளி செய்துவிட்டது. அது சூடு தாங்கும், உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்காகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும்.

வாளியில் மாற்றும்போது காற்றுப் பட்டு பீர் கெட்டுவிடும் என்று யாராவது சொல்வார்கள். அருவிபோலக் கொட்டாதீர்கள், அதற்கு மேல் கவலைப்படாதீர்கள். வீட்டில் காய்ச்சும் பீரைக் கெடுப்பது பெரும்பாலும் நொதித்த பிறகு படும் காற்றுதான். மால்ட்டின் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும் என்ற பயமும் உண்டு. சக்கை 77 டிகிரிக்கு மேல் ஏறாமலும் காரத்தன்மை கூடாமலும் இருந்தால் அந்தப் பிரச்சினை வராது, இந்த முறையில் கடைசிவரை வெறும் தண்ணீராக ஓடவிடுவதும் இல்லை.

இதைக்கூடச் செய்யச் சோம்பலாக இருந்தால் அலசாமலே விட்டுவிடலாம். உங்கள் பெட்டிக்கு அந்த வசதி இருக்கிறது: 31 லிட்டர் தண்ணீரும் 5 கிலோ மால்ட்டும் சேர்ந்து 35 லிட்டருக்குள் அடங்கும், பெட்டி 38. எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஊற்றி, ஊறவைத்து, ஒரே வடிப்பு. 31-இல் 25 வருகிறது, நூற்றுக்கு 80. அந்தப் பத்து விழுக்காட்டுக்கு ஈடாக அரை கிலோ மால்ட்டைக் கூடச் சேர்த்தால் முடிந்தது. இப்படிச் செய்த பீரில் மால்ட் சுவை இன்னும் ததும்பி நிற்கும் என்பவர்கள் உண்டு, எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததில்லை. நேரம் மிச்சமாகும், அது நிச்சயம். மால்ட் 7, 8 கிலோ என்று போகும் கனமான பீர்களுக்கு இது ஒத்துவராது, பெட்டி கொள்ளாது.

வெப்பநிலைக்கு வருவோம். உங்கள் 71 கணக்குப்படி சரிதான், ஆனால் அந்தக் கணக்கில் பெட்டியின் சுவர் இல்லை. குளிர்ந்து கிடக்கும் பெட்டி மூன்று நான்கு டிகிரியைச் சாதாரணமாக விழுங்கிவிடும். வெந்நீரை 76-இல் பெட்டியில் ஊற்றி மூடிவையுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்து, 71-க்கு இறங்கியதும் மால்ட்டைக் கொட்டுங்கள், இறங்கவில்லை என்றால் கிளறி இறக்குங்கள். சுவர் குடிக்கவேண்டியதை மால்ட் வருவதற்கு முன்பே குடித்திருக்கும். கட்டி இல்லாமல் கிளறிய பிறகு இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள், ஓரத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாகக் காட்டினால் இன்னும் கிளற வேண்டும் என்று அர்த்தம். அப்படியும் 62-இல் நின்றுவிட்டால்? உங்கள் 15 லிட்டர் அளவுக்கு இரண்டு லிட்டர் கொதிநீர் 66-க்குத் தூக்கிவிடும், அந்த இரண்டை அலசல் தண்ணீரில் கழித்துக்கொள்ளுங்கள். தூக்காமலே விட்டாலும் நாசமில்லை. 62 டிகிரியில் ஈஸ்ட் எளிதாகத் தின்னும் சர்க்கரை அதிகமாகப் பிரியும், பீர் இனிப்பு குறைந்து மெலிவாக வரும், சில வகைகளுக்கு அதுதான் வேண்டும். ஆனால் பார்லி மாவுச்சத்து முழுக்க இளகாத விளிம்பு அது. ஒரு மணிக்குப் பதில் ஒன்றரை மணி ஊறவிடுங்கள்.

அரைத்து வாங்கிய மால்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சல்லடை அடைத்துக்கொண்டது என்று வாடிக்கையாளர் திரும்பி வரக்கூடாது என்பதற்காகவே கொஞ்சம் பெரிதாக உடைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஒரு கைப்பிடியை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். உமி நீளவாக்கில் பிளந்து ஏறக்குறைய முழுசாகக் கிடக்க வேண்டும், உள்ளே இருப்பது மூன்று நான்கு துண்டாக, கூடவே கொஞ்சம் மாவு. உடையாத மணி ஒன்றிரண்டு பரவாயில்லை, அங்கங்கே தென்பட்டால் இன்னொரு முறை அரைக்க வேண்டும். ரொம்ப நைசாகப் போனால் வடியாது. கோதுமை அதிகம் சேர்க்கிற அன்றைக்கு ஒரு பிடி நெல் உமியைக் கழுவிக் கலந்துகொள்ளலாம்.

பம்ப் கெட்டதல்ல. முழுத் தண்ணீரையும் அண்டாவுக்கும் பெட்டிக்கும் இடையே சுற்றவிட்டு, அண்டாவில் சூடேற்றிக்கொண்டே ஊறவைக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதுவும் இரண்டு பாத்திரம்தான், வெப்பநிலை அசையாமல் நிற்கும். வரத்தும் போக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு பக்கம் வழியும், மறுபக்கம் வற்றித் தீயும். அலசல் கிடையாது என்பதால் சர்க்கரைக் கணக்கு அந்த 80-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதாவது நீங்கள் கேட்ட குறைக்கு அது மருந்தில்லை. அந்தப் பணத்தில் வேகமாகக் காட்டும் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். பெட்டியை மேசை உயரத்தில் வைத்து, அண்டாவைக் கீழே வைத்தால் புவியீர்ப்பு இலவசமாக வேலை செய்யும். கொதித்த 20 லிட்டரை மட்டும் தூக்காதீர்கள், இருந்த இடத்திலேயே குளிரவைத்து, பிறகு குழாய் வழியாக எடுங்கள். (உங்கள் நாட்டில் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.)

அடுத்த தடவை முதல் வடிப்பிலிருந்து அரை டம்ளர் தனியாக எடுத்து 20 டிகிரிக்கு ஆறவைத்து அளந்து, அந்த எண்ணையும் எழுதி அனுப்புங்கள். 18 லிட்டருக்கு 5 கிலோ என்றால் அது 1.070-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இருந்தால் மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாகிவிட்டது, இனி எது குறைந்தாலும் அலசலில்தான் பார்க்க வேண்டும். 1.060 என்று வந்தால் அலசலைத் தொடவே வேண்டாம், கடைக்காரரிடம் அரைவை இயந்திரத்தின் இடைவெளியைக் குறைக்கச் சொல்லுங்கள்.