எதிரே உட்கார்ந்திருப்பவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில் ஒரு சைக்கோ த்ரில்லர் பார்த்தேன். பெயரைச் சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கொலைகாரனாக வருபவர் மிரட்டிவிட்டார் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கண்ணை உருட்டுகிறார், திடீரென்று சிரிக்கிறார், அடுத்த நொடியே அழுகிறார், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார். உழைப்பு தெரிகிறது. ஆனால் எனக்குப் பயமே வரவில்லை. நண்பர்களிடம் சொன்னால் உனக்கு ரசனை போதாது என்கிறார்கள். இந்த மாதிரிப் படங்களில் நல்ல நடிப்பு என்று எதைச் சொல்வீர்கள்? அவருக்கு விருது கிடைக்குமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன், எனக்கும் பயம் வரவில்லை. ஆனால் அதற்காக அந்த நடிகரைத் திட்ட மாட்டேன். அவரோடு ஒரே அறையில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பெண் அதிகாரியின் முகம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. கோளாறு அங்கேதான்.

ஒருவன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதை அவனே நமக்குக் காட்ட முடியாது. காட்ட முயன்றால் அது வித்தை காட்டுவதாகப் போய்விடும். அவன் எதிரில் உட்கார்ந்திருப்பவர் காட்ட வேண்டும்.

‘தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ (1991) என்றதும் அடைபட்டிருக்கும் கொலைகாரனாக வரும் ஆன்டனி ஹாப்கின்ஸ் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கிட்டத்தட்ட 2 மணி நேரப் படத்தில் அவர் திரையில் இருப்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு. மீதி நேரம் முழுக்க அவரைப் பற்றிய பயத்தைச் சுமப்பவர், அவரிடம் விசாரிக்க வரும் இளம் அதிகாரியாக நடிக்கும் ஜோடி ஃபாஸ்டர். இருவரும் முதன்முதலில் சந்திக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவன், பயிற்சியில் இருக்கும் இந்தப் பெண்ணின் விலையுயர்ந்த கைப்பையையும் மலிவான காலணியையும் பார்த்தே அவள் எந்த வீட்டிலிருந்து வந்தவள், எதை மறைக்கப் பார்க்கிறாள் என்று ஒவ்வொன்றாக உரிக்கிறான். குரலை உயர்த்துவதே இல்லை. அவள் முகத்திலும் பெரிதாக எதுவும் அசையவில்லை. கண் மட்டும் பளபளக்கிறது. பிறகு சமாளித்துக்கொண்டு, அதே கூர்மையை உங்கள் பக்கம் திருப்பிப் பார்க்கத் தைரியம் உண்டா என்கிற தொனியில் திருப்பிக் கேட்கிறாள். அடி பட்டது என்பதும் அவள் விழவில்லை என்பதும் ஒன்றாகத் தெரிகிறது. ஹாப்கின்ஸ் பயங்கரமானவராக ஆவது அந்த நொடியில்தான்.

இதில் இயக்குநர் ஜொனாதன் டெம்மியின் வேலையும் இருக்கிறது. அவளிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நேரே கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். அவளோ கேமராவைவிட்டு ஒரு இழை தள்ளிப் பார்க்கிறாள். நம்மைக் கொண்டுபோய் அவளுடைய நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறார்கள். பின்னால், அவள் தன் சிறுவயதுக் கதையைச் சொல்லும்போது இடம் மாறுகிறது. இப்போது கேட்பவர் ஹாப்கின்ஸ். அசையாமல் கேட்கிறார். ஒருவர் வலியை இன்னொருவர் அப்படி ருசித்துக் கேட்பதைப் பார்க்க எனக்கு இன்றும் கூசும். ஆஸ்கர் இருவருக்கும் கிடைத்தது, அந்தத் தடவை நியாயமாகவே.

எப்போதும் அப்படி நடப்பதில்லை. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960) விடுதிக்காரனாக வரும் ஆந்தனி பெர்கின்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. பாதிப் படத்துக்கு முன்பே செத்துப்போகும் ஜேனட் லீக்குக் கிடைத்தது. பெர்கின்ஸுக்கு அநியாயம்தான். ஆனால் பாடம் செய்த பறவைகளுக்கு நடுவே அவர் அம்மாவைப் பற்றிப் பேசும் காட்சியில், கையில் ரொட்டியோடு லீ கேட்டுக்கொண்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தப் பரிந்துரையைக் குறை சொல்லத் தோன்றாது. முதலில் இரக்கம், பிறகு லேசான எச்சரிக்கை, பிறகு தன்னைப் பற்றிய யோசனை. மூன்றும் ஒரே முகத்தில்.

பெர்கின்ஸிடம் எனக்குப் பிடித்தது வேறொரு இடம். பிணத்தோடு காரைச் சதுப்பில் தள்ளிவிட்டு, எதையோ மென்றபடி நிற்கிறார். மூழ்கிக்கொண்டிருந்த கார் பாதியில் நின்றுவிடுகிறது. மெல்வதும் நின்றுவிடுகிறது. தலையைத் திருப்பி ஒரு தடவை பார்க்கிறார், அவ்வளவுதான். கார் முழுசாகப் போய்த் தொலையட்டும் என்று நாம் வேண்டிக்கொள்கிறோம். ஒரு வசனம் இல்லாமல் நம்மைக் குற்றத்துக்கு உடந்தையாக்கிவிட்டார்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் ‘புதிய பறவை’ (1964). அறுபது வருடம் ஆகிவிட்டது, இனி கதையை மறைத்து என்ன ஆகப்போகிறது! கோபாலின் மனைவி செத்துவிட்டாள். ஒருத்தி வந்து நான்தான் அந்த மனைவி என்கிறாள். இல்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும், ஏன் தெரியும் என்பதைத்தான் அவனால் சொல்ல முடியாது. சிவாஜி தவிக்கிற தவிப்பை மூன்று தலைமுறை மிமிக்ரி செய்துவிட்டது. அந்தத் தவிப்பு எடுபடுவதற்குக் காரணமான, மனைவி என்று வந்து நிற்கும் சௌகார் ஜானகியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் ஒரு இம்மி பதறியிருந்தால் போதும், சிவாஜி செய்ததெல்லாம் மிகையாகத் தெரிந்திருக்கும். இந்தம்மா கல் மாதிரி இருக்கிறார், அதனால் சிவாஜி உடைவது நமக்குப் புரிகிறது.

அப்படியானால் கத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கத்தலாம். ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) படத்தில் பீட்டர் லோரி கடைசியில் கதறித் தீர்க்கிறார். அதுவரை அவர் வாயைத் திறந்ததே கொஞ்சம். குழந்தைகளைக் கொன்ற அவரைத் திருடர்களும் ரவுடிகளும் கூடி விசாரிக்கிறார்கள். தன்னையே தன்னால் தடுக்க முடியவில்லை என்று அவர் அலறும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் சிலர் தம்மையறியாமல் தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலை லாங் காட்டாமல் விட்டிருந்தால் அது வெறும் சத்தம்.

நீங்கள் பார்த்த படத்தில் கேமரா கடைசி அரை மணி நேரம் கொலைகாரனின் முகத்தைவிட்டு நகரவே இல்லை. அந்தப் பெண் நன்றாக நடித்தாரா, சுமாராக நடித்தாரா என்றே எனக்குத் தெரியாது. அவர் வரும் ஷாட்டுகளில் பாதிக்குமேல் முதுகும் துப்பாக்கியும்தான். எதிர்முகம் இல்லாத இடத்தில் ஒரு நடிகர் என்னதான் செய்வார், சத்தத்தைக் கூட்டுவார்.

விருதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.